பழைய மாளிகையில் ஒரு வினா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்விழாவில் இலக்கியப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார்கள். நானோ சிலம்பையும் குறளையும் சற்றே ஒதுக்கி, நாம் வாழும் இந்த ஐதராபாத் நகரிலுள்ள நிஜாம் பொருட்காட்சிசாலையைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். என் பேரன் கேட்ட ஒரு வினாவே அதற்குக் காரணம்.

சென்ற விடுமுறையில் அவனைப் புரானி ஹவேலிக்கு அழைத்துச் சென்றேன். அப்பெயருக்குப் ‘பழைய மாளிகை’ என்பது பொருள். இரண்டாம் நிஜாம் தம் மைந்தர் சிக்கந்தர் ஜாவுக்காகப் பெற்ற மாளிகை அது. நம்மில் பலர் குடியிருக்கும் சிக்கந்தராபாத் அம்மைந்தரின் பெயரால் அமைந்ததே. மாளிகையின் ஒரு பகுதியில் 2000-ஆம் ஆண்டு முதல் பொருட்காட்சிசாலை நடைபெற்று வருகிறது. நாற்பது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும், அதற்குமுன் நான் அங்கே அடியெடுத்து வைத்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் 1911-இல் பட்டமேற்றார். 25 ஆண்டுகள் நிறைவுற்ற 1936-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தமையால், வெள்ளி விழா 1937-இல் நடைபெற்றது. அவ்விழாவுக்கெனச் செய்த பொன்முலாம் பூசிய சிம்மாசனமும், அப்போது காணிக்கையாக வந்த பொருள்களுமே இங்குள்ள செல்வத்தின் பெரும்பகுதி. நகரத்துப் புகழ்பெற்ற கட்டடங்களை வெள்ளியிலே சிறு உருவங்களாக வடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வைரம் பதித்த பொன் உணவு அடுக்கும் இருக்கிறது. ஆறாம் நிஜாம் மகபூப் அலிகானின் உடைகளுக்காக அமைத்த மர அலமாரி வரிசை இரண்டு அடுக்குகளாக ஏறத்தாழ 176 அடி நீளத்துக்குச் செல்கிறது. நம் குடியிருப்பின் தெரு ஒன்றையே அதனுள் அடக்கிவிடலாம் போலும்!

சிம்மாசனத்தின் முன் நின்ற என் பேரன், “தாத்தா, இவர் நம்ம ராஜாவா?” என்று கேட்டான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. ஆம் என்று சொல்ல, காவிரிக் கரையில் பிறந்த என் பாட்டனார் இவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். இல்லை என்று சொல்லிவிட்டால், பின் இந்த ஊரில் நாம் யார்? சத்திரத்தில் தங்கிச் செல்லும் வழிப்போக்கர்கள்தாமா?

அவ்வினாவைச் சுமந்துகொண்டே மற்ற அறைகளையும் பார்த்தேன். இப்பொன் யாருடைய வியர்வை? தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய உழவர்கள் செலுத்திய வரி அதிலே இருக்கிறது. ஜாகிர்தார்களுக்கும் தேஷ்முக்குகளுக்கும் கூலியின்றி உழைத்த ஏழைகளின் பெருமூச்சும் அதிலே இருக்கிறது. அந்தப் பெருமூச்சே 1946-இல் தெலங்கானா உழவர் கிளர்ச்சியாக வெடித்தது. 1948 செப்டம்பரில் அரசு இந்தியாவுடன் இணைந்தது. பளபளப்பை மட்டும் கண்டு மயங்குகிறவன் வரலாற்றின் பாதியைத்தான் காண்கிறான்.

மற்றப் பாதியையும் சொல்வதே நியாயம். 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின்மீது ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர் என்பர். அதன்பின் விசுவேசுவரய்யா அவர்களை வரவழைத்து யோசனை கேட்டார்கள். அதன் பயனாக 1920-இல் உஸ்மான் சாகரும், பின்னர் இமாயத் சாகரும் அணைகளாக எழுந்தன. அவை வெள்ளத்தைத் தடுத்தன. நெடுங்காலம் இந்நகரின் தாகத்தையும் தீர்த்தன. அவ்விரு நீர்நிலைகளையும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க முடியாது. ஆயினும் அவ்வாட்சியின் மெய்யான செல்வம் அவையே.

2018 செப்டம்பரில் அந்தப் பொன் அடுக்கைத் திருடர்கள் கவர்ந்து சென்றதும், சில நாள்களில் அது மீட்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். திருடர்களில் ஒருவன் அதிலே உணவு உண்டு பார்த்தான் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. பொன்னடுக்கைத் திருடலாம், ஏரியைத் திருட முடியாது. ஆனால் நாம் அசட்டையாக இருந்தால் அதைத் தூர்த்துவிடலாம். ஆகவே பொன்னைக் காப்பதற்குக் காவலர் போதும். நீரைக் காப்பதற்கோ குடிமக்கள் வேண்டும்.

வீடு திரும்பும்போது பேரனிடம் சொன்னேன்: “அப்பா, அந்த ராஜா நம்மவரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன் தாத்தா இந்த ஊருக்கு வந்த நாளிலே குடித்த தண்ணீர் அந்த ஏரித் தண்ணீர். ஏரி நம்முடையது. அதனால் ஊரும் நம்முடையதே.” அவன் ஏற்றுக்கொண்டானோ இல்லையோ, என் மனம் ஏற்றுக்கொண்டது.

அன்பர்களே! சென்னைப் படையினருடன் கண்டோன்மெண்டுக்கு வந்த தமிழர் காலந்தொட்டு, இந்நகரின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. நம் குழந்தைகளுக்கு இராசராசனைச் சொல்லிக் கொடுக்கிறோம். அது நம் கடமை. அவ்வாறே அவர்கள் நடந்து திரியும் மண்ணின் கதையையும் சொல்லிக் கொடுப்போம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் சார்மினாரோடு நின்றுவிடாமல் பழைய மாளிகைக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பொருளின் முன்பும், “கொடுத்தவர் யார்? உழைத்தவர் யார்? ஊருக்கு மிஞ்சியது என்ன?” என்று குழந்தைகள் கேட்கட்டும். அவ்வாறு கேட்கும் குழந்தை எந்த ஊரிலும் அந்நியன் ஆகமாட்டான்.