ஆறு மணிக்குக் கார் பார்க்கிங்கில்

(நம் சங்கத்தின் சென்ற காலாண்டுப் பொதுக்குழுவில், ஏ பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பேசியது. அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தாக்கித் தருகிறோம்.)

மெயின்டனன்ஸ் பாக்கி, போர் மோட்டார், லிஃப்ட் என்று ஒன்றரை மணி நேரமாகப் பேசி எல்லோரும் களைத்துப் போயிருக்கிறீர்கள். டீ வருவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

தீபாவளி கழிந்ததிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணிக்கு நாங்கள் சிலர் பி பிளாக் கீழே கார் பார்க்கிங்கில் பாட்டுப் போட்டு லைன் டான்ஸ் ஆடுவது உங்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்குச் சத்தமாவது கேட்டிருக்கும். குரூப்பில் இரண்டு கேள்விகள் வந்தன. "இந்த வயசில் இது தேவையா" என்பது ஒன்று. "பார்க்கிங் வண்டி நிறுத்தவா, கூத்தாடவா" என்பது இன்னொன்று. இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள்தான். யார் கேட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டவர் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் இது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். லைன் டான்ஸ் என்றால் ஜோடி கிடையாது. யாரும் யாரையும் தொடவேண்டாம். மூன்று நான்கு வரிசையாக நிற்கிறோம், எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறோம், எல்லோரும் ஒரே அடியை வைக்கிறோம். அமெரிக்காவில் கிராமியப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். 1992இல் பில்லி ரே சைரஸ் பாடிய ஒரு பாட்டு வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்குச் சிங்கப்பூரில் சமூக மன்றங்களுக்குப் போனால் பாட்டிமார்கள் வரிசையாக நின்று ஆடுவதைப் பார்க்கலாம். தொப்பியும் பூட்ஸும் அவசியமில்லை. எந்த மொழிப் பாட்டுக்கும் ஆடலாம்.

கணக்கு எளிது. பெரும்பாலும் 32 எண்ணிக்கை, அதாவது நாலு எட்டு. முதல் அடியை இங்கேயே சொல்கிறேன், உட்கார்ந்தபடியே காலை ஆட்டிப் பாருங்கள். வலது காலை வலப்பக்கம் வையுங்கள். இடது காலை அதன் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். மறுபடி வலது காலை வலப்பக்கம். நாலாவதற்கு இடது காலை அருகில் கொண்டுவந்து தொட்டு நிறுத்தி ஒரு கைதட்டு. இதையே இடப்பக்கம். எட்டு ஆயிற்று. அவர்கள் இதற்குத் திராட்சைக்கொடி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பின்னல் அடி என்கிறோம். பிறகு முன்னே நாலு, பின்னே நாலு, அப்புறம் இடத்திலேயே கொஞ்சம். 32 முடியும்போது கால்வட்டம் திரும்பி அடுத்த சுவரைப் பார்த்து நின்று, முதலிலிருந்து தொடங்குவோம். நாலு தடவை ஆடினால் நாலு சுவரும் பார்த்தாயிற்று. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் பாட்டு என்றால் ஒரு சுவருக்கு 16 விநாடி. நாலு நிமிடப் பாட்டில் பதினைந்து தடவை அதே அடி வருகிறது. பதினைந்து தடவையும் தப்பாக ஆட யாராலும் முடியாது, ஏழாவது தடவை கால் தானாகப் போகும்.

இன்னொரு வசதி உண்டு. திரும்பத் திரும்ப முன்வரிசை பின்வரிசையாகிவிடும். அதனால் "நான் கடைசியில் ஒளிந்து நின்றுகொள்கிறேன் டீச்சர்" என்று வருபவர் இரண்டு சுவர் தாண்டியதும் எல்லோருக்கும் முன்னால் நிற்பார். அப்போதும் யாரும் அவரைப் பார்க்கமாட்டார்கள். அவரவர் காலைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

சரி, வாக்கிங் போனால் போதாதா? போதும், போகிறவர்களுக்கு. நம் வாசலில் இறங்கினால் சிதம்பரம் போகிற ரோடு. பஸ்ஸும் கரும்பு லாரியும் உரசிக்கொண்டு போகிற ரோட்டில், நடைபாதை இல்லாமல், இருட்டில் எத்தனை பெண்கள் நடப்பார்கள்? காலை ஐந்தரைக்கு நடக்கிற ஆண்கள் நம் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருப்பது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. நடக்கும்போது நாம் முன்னால் மட்டும்தான் போகிறோம். வயதானவர்கள் விழுவது பாத்ரூமில் திரும்பும்போது, கதவைத் திறக்கப் பின்னால் ஓரடி வைக்கும்போது, பக்கவாட்டில் எட்டி எதையாவது எடுக்கும்போது. பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பெலும்பு அடி வாங்கும். போன ஆடியில் நம் பிளாக்கிலேயே ஒரு அம்மா அப்படி விழுந்து, ஆபரேஷன் ஆகி, இன்றும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். நான் இந்த ஆட்டத்தைத் தொடங்கியதற்கு அதுதான் காரணம். லைன் டான்ஸில் பக்கம், பின்பக்கம், திரும்பல் என்று எல்லாத் திசையிலும் உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். உடம்பு அதைத்தான் மறந்துபோகிறது. சுற்றிலும் சம்பா வயல் இருக்கிற ஊர் இது. நடவு நடுகிற பெண்களைப் பாருங்கள், வரிசையாக, சேற்றில், பின்னாலேயே அடிவைத்துப் போகிறார்கள். அவர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. லிஃப்டில் ஏறி இறங்கும் நமக்குத்தான் தேவை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு. 65 தாண்டியவர்களுக்கு அதோடு வாரம் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். எங்கள் கணக்கு மூன்று நாள், 45 நிமிடம், ஆக 135. மீதி 15 நிமிடத்துக்குக் கடைத்தெருவுக்கு நடந்து போய்க் கீரை வாங்கி வாருங்கள்.

சர்க்கரை நோய் பற்றித் தனியாகச் சொல்லவேண்டுமா? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. பக்கத்துப் புதுச்சேரியில் 26.3, நாலில் ஒருவருக்கு மேல். இந்தக் கூடத்தில் கை தூக்கச் சொன்னால் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை, டீயில் சர்க்கரை போட்டாயிற்று.

மூளைக்கும் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே என்று ஒரு சார் கேட்டார். அதற்கு அடிப்படையான ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் வெளியிட்டார்கள். உடல் சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் ஆடியவர்களுக்கு மட்டும் மறதி நோய் குறைவாக வந்திருந்தது. ஆனால் ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆடினார்களா என்பதை அப்படி ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. அதனால் நான் அந்த வாக்குறுதியைத் தரமாட்டேன். 32 எண்ணிக்கையை நினைவில் வைக்க மூளை வேலை செய்கிறது, அவ்வளவு நிச்சயம்.

இனி வெட்கத்துக்கு வருகிறேன். உண்மையான தடை முட்டி வலி இல்லை, வெட்கம்தான். நடராஜர் கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கோபுர வாசலில் 108 கரணமும் சிலையாக நிற்கிறது. 1981இலிருந்து சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கிறது. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்போம். எழுந்து ஆடச் சொன்னால் "ஐயோ, நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்போம்.

அந்த நாலு பேரின் பாட்டிமார் ஆடியவர்கள்தான். காணும் பொங்கலுக்குக் கும்மி அடிக்காத ஊர் எது? கோலாட்டம் பள்ளிக்கூடத்தில் ஆடாதவர் யார்? ஒயிலாட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் சலங்கை, கையில் கைக்குட்டை, வரிசையாக நின்று எல்லோரும் ஒரே அடி, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். அது லைன் டான்ஸ் இல்லாமல் வேறென்ன? அதுவும் ஆண்கள் ஆடிய ஆட்டம். வாசலில் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கிற அண்ணன்மார் கவனிக்கவும்.

கொங்கு நாட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முருகன் வள்ளி கதையைப் பாடி ஆடுகிற வள்ளி ஒயில் கும்மி அங்கே ஊருக்கு ஊர் மீண்டும் எழுந்திருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, மைதானத்தில் ஆசிரியரிடம் அடி கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைகள், அம்மாக்கள், பாட்டிமார் ஒன்றாக நிற்கிறார்கள். ஆண்கள் கையில் இருந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 87. "இந்த வயசில் தேவையா" என்ற கேள்விக்கு நான் இதைவிட நல்ல பதில் வைத்திருக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை வருகிறது. பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, ஏழு சுரங்களின் பேரை அவர்களுக்கு வைத்து, கைகோத்து ஆடவைக்கிறாள். எப்போது தெரியுமா? திருவிழாவில் இல்லை. குடத்துப் பால் உறையவில்லை, கெட்ட சகுனமாகத் தெரிகிறது, மனசு சரியில்லை. அப்போது ஆடுகிறார்கள். வகுப்பில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. எங்கள் வரிசையில் ஒரு அம்மா இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் வீட்டுக்காரர் போன பிறகு எட்டு மாதம் கோயிலுக்கும் மருந்துக் கடைக்கும் தவிர கதவைத் திறக்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். முதல் இரண்டு வாரம் தூண் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது வாரம் உட்கார்ந்தபடியே எண்ண ஆரம்பித்தார். இப்போது "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு" என்று எங்களுக்குக் குரல் கொடுப்பது அவர்தான். ஒரு நாள் வராவிட்டால் ஆறேகாலுக்கு அவர் வீட்டு பெல் அடிக்கும். அந்த பெல் சத்தம் எந்த ஜிம்மிலும் கிடைக்காது.

வர நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கை. கீழே கான்கிரீட் தரை, அதனால் குதிப்பது கிடையாது. ஹவாய் செருப்பு வேண்டாம், நழுவும். காலைப் பிடிக்கிற கான்வாஸ் ஷூ போதும். பாதத்தில் மரமரப்பு இருக்கிற சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலில் ஆடவே கூடாது, கீறினாலும் தெரியாது. புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகுங்கள். திரும்பும்போது பாதத்தைத் தரையில் ஊன்றியபடி முட்டியைத் திருகாதீர்கள், காலைத் தூக்கி வைத்துத் திரும்புங்கள். முட்டி வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தவறு இது. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் வரவேண்டாம். கை நடுங்கினாலோ வியர்த்துப் படபடத்தாலோ உட்கார்ந்து இனிப்பாக ஏதாவது வாயில் போடுங்கள், நான் மிட்டாய் டப்பா வைத்திருக்கிறேன். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் ஆட்டம் நிற்கும், ஆஸ்பத்திரிதான். இதய நோய், அண்மையில் ஆபரேஷன் என்று இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மற்றவர்களுக்கு அளவு ஒன்றே. ஆடும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

பாட்டு விஷயத்தில் சண்டை வருகிறது. நாலு நாலாகத் தட்டக்கூடிய பாட்டுத்தான் எங்கள் அடிக்கு ஒத்துவரும். பல கும்மிப் பாட்டு மூன்று மூன்றாகப் போகிற திஸ்ர நடை. அதற்கு வேறு அடி வேண்டும், அதையும் பொங்கலுக்குள் கற்றுக்கொள்ள எண்ணம். புதுப் பாட்டு வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறோம்.

கடைசியாகப் பார்க்கிங். ஐப்பசி கார்த்திகை மழையில் மொட்டை மாடி உதவாது. கூடம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்விடுகிறது. கூரை இருக்கிற இடம் பார்க்கிங் ஒன்றுதான். எங்களுக்கு வேண்டியது ஆறு தூண்களுக்கு நடுவில் உள்ள இடம், வாரம் மூன்று நாள், ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரை. அந்த நேரத்தில் அங்கே நிற்கும் கார் நாலு. உரிமையாளர்களில் மூன்று பேர் ஐந்தே முக்காலுக்கு விருந்தினர் இடத்தில் மாற்றி நிறுத்தச் சம்மதித்துவிட்டார்கள். நாலாவது சார் இங்கேதான் இருக்கிறார், அவரிடம் தனியாகப் பேசுகிறேன். ஸ்பீக்கர் சிறியதுதான், சத்தம் முதல் மாடி தாண்டாத அளவுக்கு வைக்கிறோம். மார்ச்சில் பொதுத்தேர்வு முடியும்வரை ஸ்பீக்கரே வேண்டாம், அந்த அம்மா எண்ணுவார், நாங்கள் ஆடுவோம். சங்கத்திடம் பணம் கேட்கவில்லை. மூன்று மாதம் அனுமதி தாருங்கள். அடுத்த பொதுக்குழுவில் வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால் நிறுத்திவிடுகிறோம்.

டீ வந்துவிட்டது. நாளை மறுநாள் திங்கட்கிழமை. புதிதாக வருபவர்கள் பத்து நிமிடம் முன்னால் வந்தால் பின்னல் அடியை மட்டும் தனியாகச் சொல்லித் தருகிறேன்.

(இதன்பின் நடந்த கைதூக்கல் வாக்கெடுப்பில் மூன்று மாத அனுமதி வழங்கப்பட்டது. நாலாவது கார் இப்போது ஐந்தரைக்கே நகர்ந்துவிடுகிறது. உரிமையாளர் இரண்டாம் வரிசையில் ஆடுகிறார்.)