கணையத்தைக் கவனிப்போம்

(சங்கத்தின் உடல்நல விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஜொகூர் பாருவில் கடை வைத்துப் பிழைப்பவர்கள். இந்தத் தலைப்பை நாங்களே கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடைவரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு ரமலானில் நன்றாக மெலிந்தார். "நோன்பு உடம்பைச் சீராக்கிவிட்டது மாமா" என்று வாழ்த்தினோம். அதே ஆண்டு அவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தது. "நம்மில் யாருக்குத்தான் இல்லை?" என்றோம். பிறகு கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஸ்கேன் எடுத்தபோது கணையப் புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. மூன்று அடையாளங்களும் எங்கள் கண்முன்னே இருந்தன; எங்களுக்குத்தான் தெரியவில்லை.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் சுமார் 15 செண்டிமீட்டர் உறுப்பு. உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் சுரக்கிறது. ஆழத்தில் இருப்பதால் கட்டி வளர்ந்தாலும் எளிதில் கைக்குத் தட்டுப்படாது. பித்தக்குழாய் கணையத்தின் தலைப்பகுதி வழியே போகிறது. கட்டி அதை அழுத்தினால் கண் மஞ்சளாகும், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். வலியே இல்லாமலும் இது வரலாம். கிருமியால் வரும் காமாலை வேறு, அடைப்பால் வரும் காமாலை வேறு. பத்தியம் இருந்தால் அடைப்பு திறக்காது.

அடுத்து சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையப் புற்று வராது, பயம் வேண்டாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்குத் திடீரெனச் சர்க்கரை வந்து, காரணமில்லாமல் எடையும் குறைந்தால், மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நம் கையில் இருக்கும் பெரிய தடுப்பு, புகையை விடுவது. புகைப்பவருக்கு இந்நோயின் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. 2019 ஜனவரி முதல் உணவகங்களில் புகைக்கத் தடை. நாமோ மூன்று மீட்டர் தள்ளி நின்று பிடிக்கிறோம்! நிறுத்த விரும்புவோருக்கு அரசு கிளினிக்குகளில் உதவி உண்டு. உடல் பருமன், நாள்பட்ட கணைய அழற்சி, குடும்பத்தில் இந்நோய் இருப்பது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய உறவினர் இருவருக்கு வந்திருந்தால் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். மற்றவர்கள் 'புற்றுநோய் மார்க்கர்' ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க அது நம்பத்தக்கதல்ல.

சிகிச்சையில் முதன்மையானது அறுவை. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் செய்யும் 'விப்பிள்' அறுவை, 1935இல் அதை வெளியிட்ட அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. கண்டுபிடிக்கும்போது 100 பேரில் 15 முதல் 20 பேருக்கே அறுவை செய்ய முடிகிறது. மற்றவர்களுக்குக் கீமோ, பித்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட், வலி நிவாரணம் உண்டு. கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் 2019இல் இந்நோயால்தான் காலமானார். வசதி மட்டும் போதாது, காலமும் வேண்டும்.

நமக்கென்றே ஒரு செய்தி. நோயாளிகளுக்குத் தரும் செரிமான மாத்திரைகள் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. இதைக் கேட்டதும் மருந்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கம் தரும் சலுகையை ஆலிம்களிடம் கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். 40 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பண்டான் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. 50 ஆண்டுகளாக இச்சங்கம் ஜனாஸாவுக்கு முன்நின்றிருக்கிறது. இனி அதற்கு முன்னரும் நிற்போம். ஜும்ஆவில் ஒருவர் மெலிந்து தெரிந்தால் வாழ்த்த வேண்டாம், "டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்போம். அவர் தயங்கினால் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுக் கூடவே போவோம். அந்தப் பெரியவருக்கு நாங்கள் செய்யத் தவறியது அதுதான்.