நெய்தவர் பெயர்



தமிழில் 'நூல்' என்ற சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், புலவனை நூல் நூற்கும் பெண்ணுக்கே ஒப்பிட்டார். சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் உண்டு. அறுவை என்றால் துணி. ஆகவே, இலக்கிய நிகழ்ச்சியில் தறியைப் பற்றிப் பேசுவதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கல்முனைக்கு வடக்கே இருக்கிறது மருதமுனை. கைத்தறிக்கும் கவிதைக்கும் பெயர்பெற்ற ஊர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனின் ஊர். மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்று ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட எழுத்தாளர்களை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் அதே ஊரில் நெய்யப்படும் சாரன், 'மருதமுனைச் சாரன்' என்றுதான் கடைக்குப் போகிறது. ஊரின் பெயர் இருக்கிறது. நெய்தவர் பெயர் இல்லை.

சில காலத்திற்கு முன் ஒரு முதிய நெசவாளரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மனைவி திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "காக்கா, நீங்கள் நெய்ததை எங்கேயாவது கண்காட்சியில் வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். "வெச்சதாச் சொன்னாங்க சேர். நான் போகல்ல" என்றார். "உங்கள் பெயரைப் போட்டிருந்தார்களா?" என்றேன். "பேரெதுக்கு சேர்? புடவை வித்தாக் காணும்" என்று சிரித்தார்.

ஆனால் நான் புறப்படும்போது பெட்டியைத் திறந்து, பழைய துணியில் சுற்றிவைத்த ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். கரையிலே கடலலை போன்ற ஒரு வேலைப்பாடு. "இது விக்கிறதுக்கில்ல" என்றார். பெயர் வேண்டாம் என்று சொன்ன மனிதர், விற்பதற்கில்லாத ஒன்றை நெய்து வைத்திருக்கிறார்! கலைஞன் என்பவன் வேறு யார், நேயர்களே?

அந்தத் துண்டை அவர் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டலாமே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். பஸ் செலவு, தங்குமிடச் செலவு, அத்தனை நாளும் தறி ஓய்ந்து கிடக்கும் நட்டம், இவற்றைத் தனி ஒருவர் தாங்க முடியாது. பத்துப் பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்தால், இருவர் போதும். பத்துப் பேருடைய வேலையும் போய்ச்சேரும். மண்டபத்தில் இடம் கேட்பதற்கும் தனிக்குரலைவிடச் சங்கத்தின் கடிதத்திற்கு மதிப்பு அதிகம்.

இது புதிய யோசனையல்ல. இலண்டனில் றோயல் அக்கடமியின் காட்சிகளில் கைவினைகளுக்கு உரிய இடம் கிடைக்காதபோது, கலைஞரும் கைவினைஞரும் கூடி 1887 இல் ஒரு கண்காட்சிச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே முதற் கண்காட்சியை நடத்தினார்கள். அதன் பட்டியலில் வடிவமைத்தவர் பெயரோடு, கையால் செய்து முடித்தவர் பெயரையும் அச்சிட்டார்கள். அச்சங்கத்தின் பெருமையே அதுதான் என்பேன். பின்னர் 1964 இல் நியூயோர்க்கில் உலகக் கைவினைப் பேரவை உருவானபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தவர் இந்தியாவின் கமலாதேவி சட்டோபாத்யாய. நமது நாட்டிலும் 1982 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய அருங்கலைகள் பேரவை அமைந்தது. கைவினைஞருக்கான போட்டியும் கண்காட்சியும் அதன் பணிகளுள் அடங்கும். கதவு இருக்கிறது, கூட்டாகப் போய்த் தட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

நெசவாளர் சங்கம் என்றால் நூல் வாங்கவும் கடன் பெறவும் மட்டுமே என்று நாம் பழகிவிட்டோம். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தபின், இறக்குமதித் துணியின் விலையோடு போட்டியிட முடியாமல் எத்தனையோ தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, உயிர்களோடு தறிகளும் போயின. மலிவிலே இயந்திரத்தை நாம் வெல்லமுடியாது. இது இன்னாருடைய கை என்று பார்ப்பவர் அறியும்போதுதான் துணிக்கு வேறொரு மதிப்பு வருகிறது. அந்த மதிப்பில்லாவிட்டால், தகப்பனின் தறியில் மகன் ஏன் உட்காரப் போகிறான்?

எனவே சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கண்காட்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு துணியிலும் ஒரு சிறு அட்டையைத் தையுங்கள். அதில் நெய்தவர் பெயரை எழுதுங்கள். பாவு ஓட்டியவர், நூல் சுற்றிய பெண், அவர்கள் பெயரையும் எழுதுங்கள். எதை அனுப்புவது என்பதைத் தலைவரும் செயலாளரும் மட்டும் தீர்மானிக்காமல், உறுப்பினர் எல்லோரும் கூடியிருந்து பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் சங்கத்தின் பெயர் ஒன்றே வெளியில் தெரியும். நெய்தவர் பழையபடி திரைமறைவில் இருப்பார்.

ஆசிரியர் பெயர் தெரியாத பாட்டைக் கண்டால், எழுதியவர் யாரோ என்று நாம் ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தில் ஒரு துளியை, நாம் இடுப்பிலே உடுத்தியிருக்கும் துணிக்கும் கொடுப்போம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அலைக்கரைத் துண்டு, நெய்தவர் பெயரோடு ஒருநாள் வெளிச்சத்துக்கு வரட்டும்.