பீலித் தண்ணியும் பிள்ளைகளின் மண்வெட்டியும்

(தோட்ட வாசகசாலையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், பாடசாலைச் சுற்றாடல் கழக மாணவர்கள் ஆற்றிய உரை)



காலைப் பெரட்டு முதல் நின்ற கால்களோடு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம்.

போன மாதம் நாங்கள் மண்வெட்டியோடு பீலிக்கரைக்குப் போனபோது ஒரு அம்மா மறித்துக் கேட்டார்: “இந்த மண்வெட்டி எங்களோட போகட்டும்னுதானே ஒங்கள பள்ளிக்கூடம் அனுப்புறோம்?” அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்தோம்.

எங்கள் வகுப்பில் ஒரே வாரத்தில் பல பிள்ளைகள் வயிற்றோட்டத்தால் வரவில்லை. எல்லாரும் ஒரே பீலியில் தண்ணி பிடிக்கிறவர்கள். நீரால் பரவும் நோய்களைப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. புத்தகத்தில் உள்ளது நம்ம லயத்திலேயே நடக்குதே என்று தோன்றியது. ஆசிரியரோடு ஊற்றுக்கண் வரை ஏறிப் பார்த்தோம்.

ஊற்றுக்கு மேலே குப்பைமேடு. ஷொப்பிங் பேக், யோகட் கோப்பை, பம்பஸ், புல்லுக்கு மருந்தடித்த வெறும் கேன். மழை பெய்தால் எல்லாம் ஊற்றுக்குத்தான் இறங்கும். யார் போட்டது என்று தேடவில்லை. எங்கள் வீட்டுக் குப்பையும் அதில் இருந்தது.

நோய் அதனால்தான் வந்ததா என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணியைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதியிருக்கிறோம். அதுவரை சும்மா இருக்க மனம் வரவில்லை. குப்பையை அகற்றினோம். மழைத்தண்ணி விலகிப் போக ஊற்றுக்கு மேலே கான் வெட்டினோம். சுற்றி வேலி போட்டு, நாட்டு மரக்கன்றுகள் நட்டோம். பாடசாலையில் மரக்கறிக் கழிவைக் கூட்டெரு ஆக்குகிறோம்.

நம்ம ஓடை மஸ்கெலியா ஓயாவில் விழுகிறது. அது கெசல்கமு ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்புக்காக அம்பத்தளையில் எடுக்கிற குடிதண்ணியும் அந்தக் கங்கையுடையதுதான்.

இன்னொரு உண்மையும் உண்டு. குப்பை எடுக்க லயத்துப் பக்கம் வண்டி வருவதில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே வாரம் ஒருமுறை வண்டி அனுப்பச் சொல்லிச் சபைக்குக் கடிதம் தயாரித்திருக்கிறோம்.

உங்களிடம் கேட்பது நான்கு:

1. தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.
2. மருந்துக் கேனை ஓடையில் கழுவாதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் அதில் குடிதண்ணி பிடிக்க வேண்டாம்.
3. பொலித்தீனை எரிக்காதீர்கள். அந்தப் புகை வாசலில் விளையாடும் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான் போகும்.
4. சிரட்டை, டின், யோகட் கோப்பையில் தண்ணி தேங்க விடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு நுளம்பு பறந்துவிடும்.

அந்த அம்மா இங்கே இருந்தால் கேட்கட்டும். அம்மா, நாங்கள் படிப்பை விட்டு மண்வெட்டி பிடிக்கவில்லை. படித்ததால்தான் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தது. சட்டத்தைத் தேடிப் படித்ததும், கடிதம் எழுதியதும் நாங்கள்தான். இதுக்குத்தானே எங்களப் பள்ளிக்கூடம் அனுப்புனீங்க?

கடிதம் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பெருவிரல் போதும், பக்கத்தில் பெயரை நாங்கள் எழுதுகிறோம்.