மாணவியின் படமும் நம் கைப்பேசியும்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சட்டம் பேச நான் வழக்கறிஞர் இல்லை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒரு தவறு செய்த பிறகுதான் இந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாள். சான்றிதழோடு நிற்க வைத்துப் படமெடுத்தேன். பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரோ அதை முகநூலில் பகிர்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் பள்ளி வாசலில் ஒருவர் வந்து அவளைப் பெயர் சொல்லிக் கேட்டார். அவளுடைய அப்பா. அவருடைய அடிக்குப் பயந்துதான் அம்மா பிள்ளையோடு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. தலைமையாசிரியர் எப்படியோ பேசி அனுப்பினார். நான் படத்தை அழித்தேன். மற்றவர்கள் கைப்பேசியில் இருந்ததை எப்படி அழிப்பது? மறுவாரம் அம்மா மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர்" என்றார். திட்டியிருக்கலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்; அதுவும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம்.

கல்விப் பணிக்காகப் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. சரி, நான் படம் போட்டது கல்விப் பணியா? வருகைப்பதிவு கல்விப் பணி. அந்தப் படம் என் பெருமை.

சம்மதம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தை நீட்டினால் நம் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எங்க டீச்சர் கையெழுத்துப் போடணும்?" அது சம்மதம் இல்லை, நம் மேல் வைத்த நம்பிக்கை. ஆகவே, ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று கைப்பேசியிலேயே காட்டிவிட்டுக் கேட்கிறேன். இப்போது பெரும்பாலும் முகத்தை விட்டு ஓவியத்தை, கையெழுத்தை, செய்த மாதிரியைப் படமெடுக்கிறேன். சட்டம் பெற்றோரிடம்தான் கேட்கச் சொல்கிறது. நான் பிள்ளைகளிடமும் தனியாகக் கேட்கிறேன். இந்த ஆண்டு மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.