கடற்கரையும் வழித்துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், புகைவண்டி அலுவலகத்து எழுத்தராகிய நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. கடற்கரையில் ஒரு பகலைக் கழிப்பது பற்றியது. இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், நம் முன்னோர் இதனைச் சிறிய பொருளாகக் கருதவில்லை. நிலத்தைப் பகுத்த அவர்கள் கடலும் கடல் சார்ந்த இடமும் என நெய்தலுக்குத் தனியிடம் தந்தனர். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிந்தபின் புகார் நகரமே கடலாடச் செல்கிறது. அக்கரையில் ஏற்றப்பட்ட விளக்குகளுள், வேற்று மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து தங்கியோரின் விளக்குகளையும் இளங்கோவடிகள் மறவாமல் குறிப்பிடுகிறார். உள்ளூரானும் அயலூரானும் ஒரே மணலில் அமர்ந்த காட்சி அது.

நாம் வாழும் இக்கரையும் அத்தகையதே. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட முசிறியை அகநானூறு பேசுகிறது. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெரியாற்றின் போக்கு மாற, முசிறி தூர்ந்து, கொச்சியின் வாய் திறந்தது என்பர். வைப்பின் தீவு உருப்பெற்றதும் அவ்வெள்ளத்தால்தான் என்று கருதி, அவ்வாண்டை முதலாகக் கொண்டு புதுவைப்பு ஆண்டு எண்ணும் வழக்கமும் இங்கிருந்தது. பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1663இல் டச்சுக்காரர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். மட்டாஞ்சேரியில் யூதர் தொழுமிடமும், கொங்கணியர் கோயிலும், குஜராத்தியர் கடைகளும் நடை தூரத்தில் நிற்கின்றன. இவ்வூர் வழிப்போக்கரால் வளர்ந்த ஊர்.

இன்றைய வழிப்போக்கரை நான் நிலையத்தில் நாள்தோறும் காண்கிறேன். முதுகில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி. அவ்வளவே அவர்தம் உடைமை. காலையில் வண்டியில் அறிமுகமாகி, நண்பகலில் சேராய்க் கடற்கரையில் ஒரே விரிப்பில் அமர்ந்துவிடுகின்றனர். ஒருவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளைகளைப் பங்கிடுகிறார். இருவர் நீராடச் சென்றால் மூன்றாமவர் அனைவரின் பைகளுக்கும் காவல். நீ என்ன சம்பளம் வாங்குகிறாய், உன் குலம் எது என்று எவரும் வினவுவதில்லை. மாலையில் ஒருவர் மதுரைக்கும் ஒருவர் கோவாவுக்கும் பிரிந்து செல்கின்றனர். இவ்வுறவுக்குத் தமிழில் அழகிய ஒரு சொல் உண்டு: வழித்துணை.

அன்பர்களே! நாமும் வழிப்போக்கரே. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர் நம்முள் எத்தனை பேர்! நமக்கு நெடுங்காலம் முன்னரே வந்தவரும் உளர். கோட்டைக் கொச்சியில் வெளி மைதானத்தின் அருகே சலவைத் துறை இருக்கிறது. இப்போதைய கட்டடங்கள் 1976இல் எழுந்தவை. அங்கு உழைக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களோ, டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்க அழைத்து வரப்பட்டோரின் வழியினர் என்பர். துணிகளைக் கவ்விகொண்டு மாட்டாமல், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே செருகி உலர்த்தும் அவர்தம் திறனைக் காண வெளிநாட்டார் வருகின்றனர். அதனினும் பெரிய திறன் ஒன்று அவர்களிடம் உண்டு. மேடையும் மாலையும் இன்றி, தலைமுறை தலைமுறையாகத் தமிழை வீட்டு மொழியாகக் காத்து வந்துள்ளனர். நம் பிள்ளைகளோ பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலையாளம், அடுக்களையில் மட்டும் தமிழ் என வளர்கின்றனர். தமிழை எங்ஙனம் காப்பது என்று நாம் கற்கவேண்டிய இடம் அச்சலவைத் துறை அன்றோ?

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்குடும்பங்களும் நம் குடும்பங்களும் சேர்ந்து சேராய் செல்வோமாக. அவர்களை நம் விழாவுக்கு அழைத்தால் போதாதோ என்று கேட்கலாம். மண்டபத்தில் முதல் வரிசை உண்டு. கடைசி வரிசையும் உண்டு. யார் எங்கே அமர்வது என்பதை நாற்காலிகளே முடிவு செய்துவிடுகின்றன. மணலில் வரிசை இல்லை. புளியோதரைப் பொட்டலம் கைமாறும்போது தயக்கமும் நீங்கிவிடும்.

செல்லும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கோட்டைக் கொச்சிக் கரை குறுகியது. கப்பல் போகும் துறைமுக வாயிலை ஒட்டியதாதலின் நீரோட்டமும் கடிது. குழந்தைகள் நீராட ஏற்றதன்று. 2018 முதல் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகில் வைப்பின் கடந்து, அங்கிருந்து பேருந்தில் வடக்கே சென்றால் சேராய். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். தை மாதம் நன்று. உண்ட இலையும் காகிதமும் நம்மோடு திரும்ப வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதப் புயலில் செல்லானத்து மக்களின் வீடுகளுக்குள் கடல் புகுந்ததையும், அதன்பின் அங்கே நாற்கால் கான்கிரீட் கற்களால் அரண் எழுந்ததையும் அறிவோம். நமக்கு ஒருநாள் களிப்பிடமாகும் கரை, மீனவருக்கு வாழ்விடம்.

இறுதியாக ஒன்று. நம் ஊரின் சீன வலையைப் பாருங்கள். ஒரு முனையில் வலை. மறுமுனையில் கயிற்றில் தொங்கும் கற்கள். நான்கைந்து பேர் ஒருங்கே இழுத்தால்தான் வலை எழும். ஒருவர் எவ்வளவு வலியவராயினும் தனியே இழுத்தல் அரிது. சங்கமும் அத்தகையதே. கயிற்றைப் பிடிக்க எல்லாக் கைகளும் வரட்டும். நாள் குறிக்கும் பொறுப்பைச் செயற்குழு ஏற்குமாறு வேண்டி அமைகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.