கெண்டைக்கால் வலியை அலட்சியம் செய்யலாமா?

முழங்காலில் இரண்டு மூன்று சிறு துளைகளிட்டு, ஒன்றின் வழியே பார்வைக் குழாயையும் மற்றவற்றின் வழியே கருவிகளையும் செலுத்திக் கிழிந்த சவ்வைச் சீர்செய்யும் முறைக்கு ஆர்த்ராஸ்கோபி என்று பெயர். 1918-இல் டோக்கியோவில் தகாகி என்னும் வைத்தியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு இறந்தவரின் முழங்காலினுள் நோக்கியது இதன் தொடக்கம். இன்று நோயாளி பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். துளை சிறியது, ஆகவே தொல்லையும் சிறியது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

முழங்காலின் பின்குழியில், மூட்டின் உறையை அடுத்து, கீழ்க்காலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி ஓடுகிறது. கருவி சற்றே பின்சென்றால் அது காயமுறலாம். மிக அரிதுதான். ஆயினும் பாதம் குளிர்ந்து வெளுத்து மரத்துப்போனால் ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் மீள வேண்டும். தாமதித்தால் காலையே இழக்க நேரிடலாம். சிலருக்குச் சில வாரம் கழித்து, நாடிபோல் துடிக்கும் வீக்கமாக அக்காயம் வெளிப்படும்.

இதனினும் மிகுதியாக நேர்வது, சிரையில் இரத்தம் உறைதல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிக் கனத்து வலிக்கும். நம் வீடுகளில் உடனே தைலம் எடுத்துத் தேய்ப்பார்கள். அன்பினால் செய்வதே, ஆனால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுக்க எல்லோருக்கும் ஊசி போட வேண்டுமா? நெதர்லாந்தில் சுமார் 1,450 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி பெற்றவர், பெறாதவர் ஆகிய இரு சாராரிலும் உறைவு கண்டவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. ஊசியால் பயன் புலப்படவில்லை. முன்பே உறைவு கண்டவரும், புற்றுநோய் உள்ளவரும், கருத்தடை மாத்திரை உண்பவரும் அதை வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

தில்லியில் வாழும் நம்மவர், உறவினர் துணையை நாடி ஊரில் சிகிச்சை செய்துகொள்வது இயல்பு. விடுப்பு முடிந்ததும், தையல் பிரித்த கையோடு ரயிலேறுகிறோம். சென்னையிலிருந்து முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து செல்லும் பயணமே உறைவின் அபாயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கும் என உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. புறப்படும் நாளை வைத்தியரைக் கேட்டே குறிக்க வேண்டும்.

வெளியூர் மருத்துவமனையில் வெறுமே கால்வலி என்றால், புண்ணின் வலி என்று கொள்வார்கள். இந்தியில் கெண்டைக்காலைப் 'பிண்ட்லீ' என்பர். அச்சொல்லையும் அறுவை நடந்த நாளையும் கூறினால் டாப்ளர் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். அது வலியற்றது. வண்டியிலேயே மூச்சுத் திணறினால், ஊர் போய்ச் சேரட்டும் என்றிராமல் 139 என்னும் ரயில்வே எண்ணை அழைத்து, அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட வேண்டும்.